நார்னியாவை மறுபடி வாசிக்க: அலமாரியிலிருந்தா, மோதிரத்திலிருந்தா?

நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிய சிறுவர் நூல்கள் மொத்தம் ஏழு. சி.எஸ். லூயிஸ் 1950 தொடங்கி 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்டார். பதினோரு வயதில் நூலகத்தில் எது கையில் கிடைத்ததோ அதை எடுத்துப் படித்தவன் நான். வரிசை என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. நாற்பதைத் தாண்டியபின் மறுபடி படிக்க ஆசை வந்தபோதுதான் எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்வி வந்தது. இரண்டு வருட இடைவெளியில் இரண்டு வரிசையிலும் படித்துப் பார்த்தேன்.

வெளியீட்டு வரிசை 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' நூலில் தொடங்குகிறது. லூசி என்ற சிறுமி ஓர் அலமாரிக்குள் நுழைந்து நார்னியாவுக்குப் போகிற கதை அது. கால வரிசையோ நார்னியா பிறந்த நாளிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முதலில் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' படிக்க வேண்டும். டிகரியும் பாலியும் மாய மோதிரம் போட்டுக்கொண்டு வேறு உலகம் போகும் கதை. அமெரிக்கப் பதிப்புகள் நெடுங்காலம் வெளியீட்டு வரிசையில்தான் எண்ணிடப்பட்டிருந்தன. 1994-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் அதைக் கால வரிசைக்கு மாற்றியது. 1957-இல் லூயிஸ் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதம்தான் இந்த மாற்றத்துக்குப் பெரிய ஆதாரம். அம்மா வெளியீட்டு வரிசைதான் சரி என்கிறார், எனக்குக் கால வரிசை பிடித்திருக்கிறது என்று அந்தச் சிறுவன் எழுதியிருந்தான். உன் பக்கம்தான் எனக்குக் கொஞ்சம் அதிகம் சரியாகப் படுகிறது என்று லூயிஸ் பதில் போட்டார். ஆனால் அதே கடிதத்தில், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லாமல்கூட இருக்கலாம் என்றும் எழுதினார். இந்தப் பாதியை ஏனோ யாரும் அதிகம் சொல்வதில்லை.

உண்மையில் இந்த வழக்கு முழுக்க இரண்டே நூல்களைப் பற்றியது. 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' ஆறாவதா, முதலாவதா? 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' ஐந்தாவதா, மூன்றாவதா? மற்ற ஐந்தும் இரண்டு வரிசையிலும் ஒரே முறையில்தான் வருகின்றன.

முதலில் கால வரிசைக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை படிப்பவரிடம் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மறுவாசிப்பில் அது கொடுக்கும் ஒன்று மட்டும் விலைமதிப்பற்றது: அந்த அலமாரி இருக்கும் வீட்டுக்காரரான பேராசிரியர். லூசி சொல்வதை அவள் அண்ணன் பீட்டரும் அக்கா சூசனும் நம்பாமல் அவரிடம் போகிறார்கள். உங்கள் தங்கை லூசி, அதை மறுக்கும் தம்பி எட்மண்ட் இருவரில் யார் வழக்கமாக உண்மை பேசுவார்கள் என்று அவர் நிதானமாகக் கேட்கிறார். சின்ன வயதில் அவர் எனக்கு ஒரு விசித்திரத் தாத்தா, அவ்வளவுதான். டிகரியின் கதையை முடித்த கையோடு அந்தப் பக்கத்துக்கு வந்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்தத் தாத்தாதான் டிகரி. அந்த அலமாரியைச் செய்வித்ததும் அவரே. நார்னியா ஆப்பிளின் விதையிலிருந்து முளைத்து, புயலில் சாய்ந்த மரத்தின் பலகை அது. இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருக்கிறார். சூனியக்காரி ஜேடிஸும் அப்படித்தான். ஒரே சொல்லால் தன் உலகத்து உயிர்கள் அனைத்தையும் அழித்தவள் என்று தெரிந்தபின், அவள் எட்மண்டுக்கு டர்க்கிஷ் டிலைட் என்ற இனிப்பை நீட்டும் காட்சி வயிற்றைக் கலக்குகிறது. (அந்தப் பண்டத்தைச் சின்ன வயதில் நான் அல்வா என்றே நினைத்துக்கொண்டேன். இன்றும் படிக்கும்போது நாக்கில் நெய் வாசம்தான் வருகிறது.)

இவ்வளவு இருந்தும் என் தேர்வு வெளியீட்டு வரிசைதான்.

கால வரிசைக்காரர்கள் சொல்வது இது: கதை முழுக்கத் தெரிந்தவருக்கு இனி என்ன மர்மம் கெட்டுப்போகும்? ஆனால் நான் திரும்பிப் போனது தகவலுக்காக அல்ல. அலமாரியைத் திறந்ததும் இரண்டு அந்துருண்டைகள் கீழே விழ வேண்டும், உரோமக் கோட்டுகளுக்குப் பின்னால் காலடியில் பனி நொறுங்க வேண்டும், காட்டு நடுவே ஒரு தெருவிளக்கு ஏன் எரிகிறது என்று லூசியோடு சேர்ந்து நானும் விழிக்க வேண்டும். அந்த விளக்குக் கம்பம் முளைத்த கதையை முந்தின வாரம்தான் படித்திருந்தால் அந்த விழிப்பு வருவதில்லை. நார்னியாவைப் படைத்த சிங்கமான ஆஸ்லானின் பெயர் முதன்முதலாகச் சொல்லப்படும் இடத்தில், உங்களைப் போலவே அந்தப் பிள்ளைகளுக்கும் அவர் யாரென்று தெரியாது என்கிறார் லூயிஸ். வாசகருக்கு முன்பே தெரியும் என்றால் அந்த வரி நொண்டுகிறது. போதாததற்கு, அந்த நூலைத் தன் ஞானமகள் லூசிக்குக் காணிக்கையாக்கும்போது அவர் எழுதியது: நீ தேவதைக் கதைகளைத் தாண்டி வளர்ந்துவிட்டாய், ஆனால் அவற்றை மறுபடி படிக்கும் அளவுக்கு ஒரு நாள் வயதாகும். மறுவாசிப்பைத் தொடங்க எனக்கு அந்தப் பக்கம்தான் வேண்டும்.

அப்புறம், டிகரியின் அம்மா. லூயிஸ் ஒன்பது வயதாக இருக்கும்போது, 1908-இல், அவருடைய தாய் புற்றுநோயில் இறந்தார். டிகரி நோயில் கிடக்கும் தன் அம்மாவுக்காகக் கெஞ்சும்போது ஆஸ்லானின் கண்ணில் கண்ணீர் நிற்கிறது. ஐந்து நூல்களாக அந்தச் சிங்கத்தோடு பழகியபின் அதைப் படிப்பதும், முதல் நூலிலேயே படிப்பதும் ஒன்றல்ல. இதை அடுத்து வருவது 'தி லாஸ்ட் பேட்டில்'. ஒரு நூலில் சிங்கம் பாடப் பாட நட்சத்திரங்கள் தோன்றுகின்றன, புல் முளைக்கிறது. அடுத்ததில் அதே நட்சத்திரங்கள் உதிர்கின்றன. ஆரஞ்சைப் பிழிவதுபோல் சூரியனைப் பிழிந்து அணைக்கிறான் அரக்கன். பிறப்பும் சாவும் 1955, 1956 என்று பக்கத்துப் பக்கத்தில் வந்தன. கால வரிசை இடையில் ஐந்து நூல்களை வைத்துவிடுகிறது. பெற்றோரில் ஒருவரைப் பறிகொடுத்த வயதில் படித்ததாலோ என்னவோ, அந்த இரண்டும் எனக்கு ஒட்டியே இருக்க வேண்டும்.

சூசன் விஷயமும் இதில்தான் சேரும். 'ஹார்ஸ்' நூலில் அவள் வளர்ந்த அரசி. போருக்கு வரமாட்டாள், சாதாரணப் பெரிய பெண்மணி மாதிரி என்று இளவரசன் கோரின் சொல்கிறான். வெளியீட்டு வரிசையில் இதற்கும் கடைசி நூலுக்கும் நடுவே ஒரே நூல்தான். கடைசி நூலில், சூசன் இனி நார்னியாவின் தோழி இல்லை என்று ஒரு பேச்சில் முடித்துவிடுகிறார்கள். உடன்பிறந்தவர்கள் மூவரும் ரயில் விபத்தில் போனபின் உயிரோடு மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். சின்ன வயதில் அந்தப் பக்கத்தைச் சும்மா புரட்டிப்போயிருக்கிறேன். இப்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நார்னியாவின் எதிரிகளாக வரும் கலோர்மென் மக்களைக் கருத்த தோலும் தலைப்பாகையும் கொடுமையுமாக வரைந்திருப்பது எந்த வரிசையில் படித்தாலும் உறுத்துகிறது. அவர்களில் எமெத் என்ற ஒரு நல்லவன் அதை முழுக்க ஆற்றிவிடுவதில்லை.

ஏழையும் சேர்த்த தடித்த பதிப்பு உங்களிடம் இருந்தால் அது பெரும்பாலும் கால வரிசையில்தான் அச்சாகியிருக்கும். இரண்டாவது நூலில் தொடங்குங்கள். பிறகு நான்கு, ஐந்து, ஆறு. திரும்பி வந்து மூன்று, ஒன்று. கடைசியில் ஏழு.