கடற்கரை ரோடா, கீரிப்பாறை ஏற்றமா, சானல்கரையா? குமரியில் ஒருநாள் சைக்கிள் ஓட்டத்துக்கு எது நல்லது

நாகர்கோவிலில் இருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்தால் போவதற்கு மூன்று பக்கம் இருக்கிறது. தெற்கே கடற்கரை ரோடு, வடக்கே பூதப்பாண்டி வழியாகக் கீரிப்பாறை, மேற்கே தக்கலை, திருவட்டாறு பக்கத்துச் சானல்கரைகள், அதாவது பாசனக் கால்வாய்க் கரைகள். மூன்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு இப்போது நான் வாடிக்கையாகப் போவது சானல்கரைக்குத்தான். புதிதாக கியர் சைக்கிள் வாங்கிய நண்பர்கள் கேட்கும்போதும் அதையே சொல்கிறேன். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் முதலில் போவது கடற்கரைக்கு, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடற்கரை ரோட்டின் அழகைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். கன்னியாகுமரியில் தொடங்கி கோவளம், மணக்குடி, பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை, முட்டம், மணவாளக்குறிச்சி என்று குளச்சல் வரை கடலைப் பெரிதாக விட்டுவிலகாமல் போகலாம். மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்துப் பாலத்தில் கொஞ்சநேரம் நிற்காமல் யாராலும் தாண்ட முடியாது. 2004 சுனாமியில் பழைய பாலம் அடித்துக்கொண்டு போய், பிறகு கட்டிய பாலம் இது. ஊர்களுக்குள் ரோடு குறுகல், மீன் வண்டிகளும் பிள்ளைகளும் குறுக்கே வருவதால் வேகம் பிடிக்க முடியாது, அது பெரிய குறை இல்லை. ஆனி, ஆடியில் மேற்கில் இருந்து வீசும் காற்றுக்கு எதிராகக் குளச்சல் பக்கம் சவிட்டுவது (பெடல் மிதிப்பது) உயிரை வாங்கும், திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வந்துவிடும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதே.

என்னைக் கடற்கரையில் இருந்து திருப்பியது வேறு, வீட்டுக்கு வந்தபிறகு சைக்கிளுக்கு நடப்பது.

உப்புக்காற்று துருப்பிடிக்க வைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எப்படி என்று பார்த்தால்தான் அதன் தீவிரம் புரியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரண மழையில் நனைந்த செயின் வெயிலில் காய்ந்துவிடும், உப்பு படிந்த செயின் காய்ந்தமாதிரித் தெரிந்தாலும் இரவில் மறுபடி ஈரமாகும். அதனால் நீங்கள் தூங்கும்போதும் துரு ஏறிக்கொண்டே இருக்கும். காலையில் ஓட்டிவிட்டு அப்படியே மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்தால், மறுநாள் செயினின் பக்கத்தகடுகளில் செம்பொடி பூத்திருக்கும். அலுமினிய ஃப்ரேம் துருப்பிடிக்காதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அரிபடுவது அலுமினியம்தான். வெள்ளையாகப் பொடி தள்ளும். இரும்பு ஃப்ரேமில் அலுமினிய சீட் கம்பி போட்டிருந்தால் அது உள்ளேயே இறுகிப்போய், உயரத்தை மாற்றவே முடியாமல் ஆகிவிடும். பழைய சைக்கிள் வாங்க வருகிற விவரமான ஆள் முதலில் சீட் கம்பியை இளக்கிப் பார்ப்பதும், ஸ்போக்ஸ் ரிம்மில் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

இதுவரை சொன்னது எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். நம் கடற்கரைக்கு இன்னொன்று உண்டு, மணல். மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனம் மணல் எடுப்பது அதில் இருக்கும் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் என்ற கனிமங்களுக்காக. கருப்பும் சிவப்புமாகக் கோடு கோடாக ஒதுங்கிக் கிடக்கும் அந்த மணலைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பாக மினுங்குவது கார்னெட், உலகம் முழுக்க மரத்தையும் இரும்பையும் தேய்த்து மெருகேற்றப் பயன்படும் பொருள். ரோட்டில் காற்று வாரிப்போட்ட அந்த மணல் ஆயில் போட்ட செயினில் ஒட்டினால், கண்ணிகளைக் கோர்த்திருக்கும் பின்களையும் அவை உரசும் இடத்தையும் அது ஒவ்வொரு சுற்றிலும் அரைக்கும். எவ்வளவு அரைத்திருக்கிறது என்று நீங்களே அளந்து பார்க்கலாம், கடைக்குப் போக வேண்டாம். செயினில் ஒரு வெளிக்கண்ணியும் ஓர் உட்கண்ணியும் சேர்ந்தால் ஓர் அங்குலம். பின்னின் நடுவில் இருந்து பின்னின் நடுவரை பன்னிரண்டு ஜோடியை டேப் வைத்து அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குமேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு ஆகும்வரை விட்டால் பின்சக்கரத்தில் இருக்கும் கேசட்டும் (கியர் பல்சக்கர அடுக்கு) பல் தேய்ந்துபோயிருக்கும், செலவு பலமடங்காகும்.

ஆகவே கடற்கரை போய்விட்டு வந்தால் அன்றைக்கே வேலை இருக்கிறது. நல்ல தண்ணீரைப் பைப்பில் மெதுவாக விட்டுக் கழுவ வேண்டும் (வாட்டர் சர்வீஸ் செய்கிற மாதிரி வேகமாக அடித்தால் ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் மணலை நாமே ஏற்றிவிடுவோம்), துணியால் துடைத்து, நன்றாகக் காய வைத்து, செயினுக்கு ஆயில் விட்டு, மேலே நிற்கும் ஆயிலைத் துடைத்து எடுக்க வேண்டும். மேலே வழிய விட்டால் அடுத்தமுறை மணல் ஒட்ட அதுவே போதும். இடையிடையே சீட் கம்பியை உருவி கிரீஸ் தடவ வேண்டும். மூன்றுமணி நேரம் ஓட்டிக் களைத்து வந்தவனுக்கு இது ஒவ்வொரு வாரமும் முடிகிற காரியமா? எனக்கு முடியவில்லை.

கீரிப்பாறைப் பக்கம் உப்பும் இல்லை மணலும் இல்லை. பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் தாண்டியதும் ரப்பர் தோட்டத்து நிழல் தொடங்கிவிடும், காற்றே குளிர்ந்து வரும். ஏற்றத்துக்குப் பழகியவர்களுக்கு இதைவிட நல்ல ரோடு பக்கத்தில் இல்லை. ஆனால் குடும்பத்தோடோ, புதிதாக ஓட்டுகிற பிள்ளைகளோடோ போக இது சரிப்படாது. இறங்கும்போது வளைவில் ரப்பர் சருகு ஈரமாகக் கிடந்தால் பிரேக் பிடித்தாலும் டயர் நிற்காது. காளிகேசம் வரை போவதென்றால் அது வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள பகுதி, செக்போஸ்டில் விடுகிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நான் அங்கே போனதில்லை, அதனால் அதைப்பற்றிச் சொல்லவில்லை.

இனி சானல்கரை. நம் மாவட்டத்தில் சமதளம் என்பதே அபூர்வம். தக்கலையில் இருந்து மார்த்தாண்டம் போகிற மெயின்ரோட்டை நினைத்துப் பாருங்கள், ஏறினால் இறக்கம், இறங்கினால் ஏற்றம், கூடவே லாரிகள். அதே நிலத்தில் தண்ணீர் மேடேறாமல் போக வேண்டுமே, அதனால் சானல் வெட்டியவர்கள் மேட்டைச் சுற்றி வளைத்து, ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவு கொடுத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். கரையில் ஓட்டுகிற நமக்கு அந்த உழைப்பு முழுக்கச் சும்மா கிடைக்கிறது. பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது, அதற்குப் பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு என்று சேர்ந்த கோதையாறு பாசனத் திட்டத்தின் சானல்களும் கிளைகளும்தான் இந்த வழிகள். புத்தன் அணையில் தொடங்கும் பத்மநாபபுரம் புத்தனாறு, மலையடிவாரத்தை ஒட்டிப்போகும் தோவாளை சானல், மேற்கே பட்டணங்கால் என்று எதையாவது ஒன்றைப் பிடித்தால் போதும், வழி கேட்கவே வேண்டாம், தண்ணீர் கூடவே வரும்.

சுற்றி வளைக்க முடியாத பள்ளம் வந்தால் என்ன செய்தார்கள் என்பதற்கு மாத்தூர் தொட்டிப்பாலம் சாட்சி. 1966இல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம், 28 தூண்கள், இந்த மலையில் இருந்து அந்த மலைக்குத் தண்ணீரை அதே மட்டத்தில் கடத்துகிறது. அதன் மேல் ஓட்டக்கூடாது, நடந்துதான் போக வேண்டும். அங்கிருந்து திருவட்டாறு பக்கம்தான், தெம்பு இருந்தால் திற்பரப்பு அருவியில் ஒரு குளியலும் போட்டுவிட்டுத் திரும்பலாம்.

கரையில் தென்னையும் வாழையும் நிழல் தரும். தண்ணீரைத் திறந்து அடைக்கும் ஷட்டர் இருக்கிற இடங்களில் தேங்காய் மட்டையும் பிளாஸ்டிக் பாட்டிலும் அடைந்து நிற்கும், யாராவது ஒருவர் நீளக் கம்பால் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. "மக்கா, அங்கோட்டு போவாண்டாம், கரை இடிஞ்சு கெடக்கு" என்று அவர் சொல்வதை எந்த மேப்பும் சொல்லாது. படித்துறையில் ஆட்கள் குளித்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருப்பார்கள், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.

குறைகள் இருக்கின்றன. கரை ஒரே தரத்தில் இருக்காது, ஓரிடம் கான்கிரீட், அடுத்தது சரல், அதற்கப்புறம் புல் மூடிய ஒற்றையடிப் பாதை. ரோடு சைக்கிளின் மெல்லிய டயர் தாங்காது, கொஞ்சம் அகல டயர் உள்ள ஹைப்ரிட்டோ, மலைப்பாதைக்கான எம்டிபியோ வேண்டும். பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் கிடையாது, சின்னப் பிள்ளைகளைத் தண்ணீர்ப்பக்கம் ஓட்ட விடாதீர்கள். மழை விட்டவுடனே போனால் செம்மண் சேறு பிரேக்கில் அப்பிக்கொள்ளும். சேறும் செயினைத் தேய்க்கத்தான் செய்யும், ஆனால் அது நல்லதண்ணிச் சேறு. இரண்டுநாள் கழித்துக் கழுவினாலும் சீட் கம்பி இறுகிவிடாது.

வழக்கமாக ஜூனில் தண்ணீர் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அடைத்தபிறகு சானல் வறண்டு குப்பை தெரியும், நிழல் மட்டும்தான் மிச்சம். அந்த மாதங்களில் நானும் கடற்கரைக்குப் போவேன், வீட்டில் கிடக்கும் கியர் இல்லாத பழைய இரும்பு சைக்கிளில். அதன் செயினை மாற்ற ஆகிற செலவு மிகக்குறைவு, கேசட்டும் கிடையாது. மார்ச்சில் இருந்து அக்கானியும் (பதநீர்) நுங்கும் வழியெல்லாம் கிடைக்கும், காலை ஒன்பதுமணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.