பெர்லினா, தெற்கா? ஜெர்மனியின் ஆரம்பகால கால்பந்து லீக்குகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

1910 மே மாதம் நடந்த ஜெர்மன் தேசிய சாம்பியன்ஷிப்பில் அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளில் இரண்டு ஒரே ஊரைச் சேர்ந்தவை. ஊர் கார்ல்ஸ்ரூ. ஒரு பக்கம் கே.எஃப்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கார்ல்ஸ்ரூ கால்பந்துச் சங்கம், மறு பக்கம் முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன் ஃபீனிக்ஸ். கே.எஃப்.வி. 2-1 என்று ஜெயித்து, இறுதியாட்டத்தில் ஹோல்ஸ்டைன் கீல் அணியைக் கூடுதல் நேரத்தில் ஒரு பெனால்டியால் 1-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. பெனால்டியை அடித்தவர் மாக்ஸ் பிரோய்னிக்.

அப்போது கார்ல்ஸ்ரூவில் ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை. தலைநகர் பெர்லினில் இருபது லட்சம் பேர். பெர்லினில் லீக் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. தெற்கில் அந்தக் கணக்கு பதின்மூன்றுதான். அப்படியிருந்தும் இப்படி நடந்தது எப்படி? எனக்குப் பல ஆண்டுகளாக இந்தக் கேள்விமேல் பிரியம் உண்டு. இரண்டு வட்டாரங்களின் லீக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் பெரும்பாலும் ரயில் டிக்கெட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பெர்லின்: எதிரணி பக்கத்துத் தெருவில்

முதலில் பெர்லினுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். கால்பந்துக்கென்றே தொடங்கி இன்றும் உயிரோடிருக்கும் ஜெர்மன் கிளப்களில் மூத்தது 1888இல் அங்கே பிறந்த ஜெர்மானியா. அடுத்த ஆண்டே விக்டோரியா வந்தது. விக்டோரியாவின் முழுப் பெயரில் 'தோர்பால்' என்றொரு சொல் உண்டு. அது கிரிக்கெட்டுக்கு அந்தக் கால ஜெர்மானியர் வைத்த பெயர். கோடையில் கிரிக்கெட், குளிரில் கால்பந்து என்பது அன்றைய வழக்கம். ஆட்டங்களில் பெரும்பங்கு நடந்த இடம் டெம்பல்ஹோஃப் வெளி. ராணுவ அணிவகுப்புக்கான அந்தப் பரந்த மைதானத்தில் கிளப்கள் அக்கம்பக்கமாக ஆடின. எதிரணியைத் தேடி யாரும் ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை.

லீக் தொடங்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. 1890 நவம்பரில் ஜெர்மன் கால்பந்து ஆட்டக்காரர் கூட்டமைப்பு உருவானது. அதன் முதல் சாம்பியன் ஜெர்மானியா, 1891இல். அந்தக் கூட்டமைப்புக்குத் தேசியச் சாய்வு அதிகம், அந்நியருக்கு இடம் தர மனமில்லை. ஆனால் பெர்லினில் அப்போது நன்றாக ஆடத் தெரிந்தவர்களில் பலர் ஆங்கிலேயர்கள். அவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கால்பந்து நடத்துவது எப்படி? அடுத்த ஆண்டே எதிர்முகாம் ஒன்று கிளம்பியது. 1891இல் தோன்றிய ஜெர்மன் கால்பந்து மற்றும் கிரிக்கெட் கூட்டமைப்பு யாரையும் சேர்த்துக்கொண்டது. அதன் முதல் பட்டத்தை 1892இல் வென்றதே பெர்லினில் இருந்த இங்கிலிஷ் எஃப்.சி. தான். முந்தைய கூட்டமைப்பு அந்த ஆண்டே கலைந்து போனது.

இந்த இரண்டில் எது மேல் என்று கேட்டால் எனக்குத் தயக்கமில்லை, இரண்டாவதுதான். ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கக்கூடியவர்களைக் கூடவே வைத்துக்கொண்டது. அதில்தான் விக்டோரியா 1893 முதல் 1897 வரை வரிசையாக ஐந்து பட்டங்களை அடித்துத் தன் காலத்தின் பெரிய அணியாக வளர்ந்தது.

ஆனால் பிளவு நோய் நிற்கவில்லை. 1897 செப்டம்பரில் மூன்றாவதாக ஒரு சங்கம் எழுந்தது. புதுச் சங்கத்தின் கை ஓங்க, கிரிக்கெட்டையும் பெயரில் சுமந்த கூட்டமைப்பு புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தது. அதோடும் முடியவில்லை. 1901இல் மார்க் வட்டாரத்தின், அதாவது பெர்லினைச் சுற்றிய பிராண்டன்பர்க்கின், பெயரில் இன்னொரு கூட்டமைப்பு வந்தது. ஒரே நகரம், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று 'சாம்பியன்கள்'. 1911இல்தான் மூன்று அமைப்புகள் ஒன்றாக இணைந்து பிராண்டன்பர்க் முழுவதற்குமான ஒரே சங்கம் ஆனது. இருபது ஆண்டுகள்!

ஏன் இத்தனை பிளவு? கோபித்துக்கொண்டு வெளியேறுவதற்குச் செலவே இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு சங்கத்தோடு சண்டையா, அடுத்த வாரம் அதே டெம்பல்ஹோஃபில் வேறு நான்கு கிளப்களோடு ஆடிக்கொள்ளலாம். எதிரணிக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஒற்றுமைக்கு அவசரமும் இல்லை.

தெற்கு: எதிரணி அடுத்த ரயில் நிலையத்தில்

தெற்கின் கதை ஒரு பள்ளி மாணவனிடமிருந்து தொடங்குகிறது. வால்டர் பென்ஸமன், பெர்லினில் ஒரு யூத வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தவர். சுவிட்சர்லாந்தில் படித்தபோது ஆங்கில மாணவர்களிடமிருந்து இந்த ஆட்டம் தொற்றிக்கொண்டது. கார்ல்ஸ்ரூவுக்குப் படிக்க வந்தவர் 1889இல் அங்கே ஒரு கிளப்பைத் தொடங்கினார். 1891இல் கே.எஃப்.வி. பிறந்ததிலும் அவர் கை இருந்தது. 1920இல் 'கிக்கர்' இதழைத் தொடங்கியவரும் இவரே. இன்றுவரை ஜெர்மன் கால்பந்தின் முக்கியப் பத்திரிகை அது.

ஆதரவான சூழல் ஒன்றும் இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியர்களுக்குக் கால்பந்து என்றாலே வேப்பங்காய். ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த கார்ல் பிளாங்க் 1898இல் இதை 'ஆங்கில நோய்' என்று திட்டி ஒரு புத்தகமே எழுதினார். பந்தை உதைக்கும் மனிதனின் தோற்றம் குரங்கை நினைவூட்டுகிறது என்பது அவர் வாதம்.

தெற்கில் எந்த ஒரு நகரத்திலும் பெர்லினைப் போல கிளப்கள் குவிந்து கிடக்கவில்லை. கார்ல்ஸ்ரூவில் சில, நகைத் தொழிலுக்குப் பேர்போன ஃபோர்ட்ஸ்ஹைமில் ஒன்றிரண்டு, மான்ஹைமில், ஃபிராங்ஃபர்ட்டில், ரைன் நதி தாண்டி அப்போது ஜெர்மன் பேரரசுக்குள் இருந்த ஸ்ட்ராஸ்பூர்கில் என்று சிதறிக் கிடந்தன. சரியான போட்டி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ரயிலேற வேண்டும். 1897 அக்டோபரில் கார்ல்ஸ்ரூவில் எட்டு கிளப்கள் கூடி தென்ஜெர்மன் சங்கத்தைத் தொடங்கின. பெர்லினில் மூன்றாவது சங்கம் பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கே.எஃப்.வி.யைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் நோஹே அதன் தலைவர். பின்னாளில் தேசிய சங்கத்துக்கும் அவர் தலைமை தாங்கினார்.

1898இல் முதல் தென்ஜெர்மன் பட்டம் ஃபிரைபர்குக்குப் போனது. அடுத்த இரண்டும் ஸ்ட்ராஸ்பூர்குக்கு. அப்புறம் 1901 முதல் 1905 வரை ஐந்தும் கே.எஃப்.வி.க்கு. விக்டோரியாவும் ஐந்து, கே.எஃப்.வி.யும் ஐந்து. ஆனால் இரண்டு ஐந்தும் சமமில்லை. விக்டோரியாவின் ஐந்து, ஒரு நகரத்தின் கிளப்களில் ஒரு பகுதியை மட்டும் வென்ற ஐந்து. கே.எஃப்.வி.யின் ஐந்து, பாடன் முதல் பவேரியா வரை விரிந்த நிலப்பரப்பில் எடுத்தது.

தெற்கின் உண்மையான சாதனை 1908இல் வந்தது. மொத்தப் பகுதியையும் நான்கு 'கிரைஸ்'களாகப் பிரித்தார்கள். கிரைஸ் என்றால் வட்டம். கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட், ஃபோர்ட்ஸ்ஹைம், ஃபிரைபர்க் எல்லாம் தெற்கு வட்டம். மியூனிக், நியூரம்பர்க், ஃபியூர்த் கிழக்கு வட்டம். ஃபிராங்ஃபர்ட்டும் ஹனாவும் வடக்கு. மான்ஹைமும் அதை ஒட்டிய ஃபால்ஸ் பகுதியும் மேற்கு. பயணச் செலவு கைக்கடக்கமாக இருக்கும்படி லீக் ஆட்டங்கள் வட்டத்துக்குள்ளேயே நடக்கும். நான்கு வட்ட சாம்பியன்களும் பிறகு தங்களுக்குள் உள்ளூரிலும் வெளியூரிலுமாக மோதி தென்ஜெர்மன் சாம்பியன் யார் என்று தீர்மானிப்பார்கள்.

இந்த அமைப்பை நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஊர்களின் தூரத்தை ஒரு குறையாக நினைத்துப் புலம்பாமல், அதை வைத்தே ஏணியைக் கட்டிவிட்டார்கள். இன்று உலகம் முழுக்கக் கோலோச்சும் பயர்ன் மியூனிக், 1910இலும் 1911இலும் கிழக்கு வட்டத்தை வென்று மேலே வந்து தெற்கு வட்டத்துக்காரர்களிடம் அடங்கிப்போன அணிதான். 1912 முதல் மூன்று ஆண்டுகள் அந்த வட்டம் ஃபியூர்தின் கையில் இருந்தது.

கணக்கு என்ன சொல்கிறது

1900 ஜனவரியில் லைப்ஸிக்கில் 86 கிளப்களின் பிரதிநிதிகளோடு ஜெர்மன் கால்பந்துச் சங்கம் உருவாகி, 1903இல் தேசிய சாம்பியன்ஷிப் தொடங்கியது. வட்டாரங்களின் சாம்பியன்கள் ஒருவரோடொருவர் மோதியதால் ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் வேறில்லை. 1914 வரை பதினொரு இறுதியாட்டங்கள் நடந்தன. 1904இல் மட்டும் இல்லை. அதில் தெற்கு அணிகள் எட்டு முறை இறுதிக்கு வந்தன, பெர்லின் அணிகள் ஐந்து முறை. பட்டங்கள் தெற்குக்கு நான்கு, பெர்லினுக்கு மூன்று.

நான்குக்கு மூன்று என்றால் பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். பெர்லினின் ஐந்தில் நான்கு விக்டோரியாவுடையவை. மீதி ஒன்று 1905இல் கே.எஃப்.வி.யை 2-0 என்று தோற்கடித்த யூனியன் 92. தெற்கிலிருந்தோ 1905 முதல் 1910 வரை ஒரு வருடம் தவறாமல் இறுதியில் ஓர் அணி நின்றது: கே.எஃப்.வி., ஃபோர்ட்ஸ்ஹைம், ஃபிரைபர்க், ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், ஃபீனிக்ஸ், மறுபடியும் கே.எஃப்.வி. ஆறு ஆண்டுகளில் ஐந்து வெவ்வேறு கிளப்கள். பெர்லின் லீக் ஒரு பெரிய அணியை உருவாக்கியது. தெற்கு லீக் ஒரு வட்டாரத்தையே உருவாக்கியது.

ஆட்ட அறிவும் அதே தண்டவாளங்களில் பயணம் செய்தது. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணிக்காக 1890 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மூன்று கோல் அடித்த வில்லியம் டௌன்லி, கார்ல்ஸ்ரூவில் குறும்பாஸ் ஆட்டத்தைப் பழக்கினார். பிறகு ஃபியூர்துக்குப் போய் அங்கேயும் அதையே விதைத்தார். 1914இல் ஃபியூர்த், லைப்ஸிக்கை 150 நிமிடங்களைத் தாண்டி நீண்ட இறுதியில் 3-2 என்று வென்றது.

லைப்ஸிக்கை இங்கே விட்டுவிட முடியாது. நாட்டின் நடுப்பகுதியிலிருந்து வந்த அந்த ஒரே கிளப் 1903, 1906, 1913 என மூன்று பட்டங்கள் வென்றது. ஆனால் அதன் வெற்றி ஒரு கிளப்பின் கதை, லீக்கின் கதை இல்லை. வடக்கிலிருந்து ஹோல்ஸ்டைன் கீல் 1912இல் கே.எஃப்.வி.யை அதே 1-0 கணக்கில், அதேபோல் ஒரு பெனால்டியால் பழிதீர்த்தது. மேற்கின் காலம் அப்போது வரவில்லை.

பெர்லின், தெற்கு உரசல்களும் கொஞ்சநஞ்சமல்ல. 1904இல் கே.எஃப்.வி.யை பெர்லினுக்கு வரவழைத்து பிரிட்டானியா 6-1 என்று நொறுக்கியது. பொதுவான மைதானத்தில்தான் ஆட்டம் நடந்திருக்க வேண்டும் என்று கே.எஃப்.வி. முறையிட்டது. அந்தத் தகராறு முற்றி, லைப்ஸிக்குக்கும் பிரிட்டானியாவுக்கும் நடக்கவிருந்த இறுதியாட்டமே ரத்தானது. கே.எஃப்.வி.காரர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். ஓர் ஆண்டு முன்னால்தான், அரையிறுதி ஒத்திவைக்கப்பட்டது என்று ஒரு போலித் தந்தி வந்து, அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டு, பிராக் அணிக்கு இறுதியை இலவசமாகக் கொடுத்தவர்கள் அவர்கள்.

தெற்கைப் புகழ்ந்துகொண்டே போவதால் ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. 1910 கே.எஃப்.வி. முன்வரிசையின் உயிர் காட்ஃபிரீட் ஃபுக்ஸும் யூலியுஸ் ஹிர்ஷும். இருவரும் யூதர்கள். ஃபுக்ஸ் 1912 ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பத்து கோல் அடித்தார். ஹிர்ஷ் 1914இல் ஃபியூர்தோடு இன்னொரு தேசியப் பட்டமும் வென்றார். 1933 ஏப்ரலில் தெற்கின் பதினான்கு பெரிய கிளப்கள் சேர்ந்து, யூதர்களை விலக்கும் வேலையில் நாஜிகளின் புதிய ஆட்சியோடு ஒத்துழைப்பதாக அறிவித்தன. கே.எஃப்.வி., ஃபீனிக்ஸ், கிக்கர்ஸ், ஃபியூர்த், நியூரம்பர்க், பயர்ன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ரயிலேறி ஒருவரையொருவர் தேடிப்போய் வளர்ந்த அதே கூட்டம், சேர்ந்து போட்ட கையெழுத்து அது. செய்தியைப் படித்த ஹிர்ஷ் தன் கிளப்புக்குத் தானே விலகல் கடிதம் எழுதினார். ஃபுக்ஸ் நாட்டைவிட்டுத் தப்பினார். ஹிர்ஷை 1943இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள், அவர் திரும்பவில்லை. பென்ஸமன் 1934இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார்.

பிந்திய காலத்திலும் இந்த இரண்டு பாதைகளின் தடம் தெரிகிறது. 1963இல் பதினாறு அணிகளோடு தேசிய லீக்கான பண்டஸ்லிகா தொடங்கியபோது தெற்கிலிருந்து ஐந்து அணிகள் இடம்பிடித்தன, பெர்லினிலிருந்து ஹெர்தா மட்டும். அதற்கு நகரப் பிரிவினை உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு என்பதால் அதை என் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்கமாட்டேன்.

நான் இழுக்க விரும்பும் சாட்சி வேறொன்று. 1894இல், தேசிய சங்கம் பிறப்பதற்கும் முன்னால், விக்டோரியாவுக்கும் தெற்கே ஹனாவ் 93 அணிக்கும் நாட்டின் சாம்பியன் யார் என்று முடிவு செய்ய ஓர் ஆட்டம் ஏற்பாடானது. பெர்லின் வரை போய்வர ஹனாவ்காரர்களிடம் காசில்லை. ஆட்டம் நடக்கவில்லை, பட்டம் விக்டோரியாவுக்குப் போனது. 113 ஆண்டுகள் கழித்து, 2007இல், ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அந்த ஆட்டத்தை இரண்டு கட்டங்களாக நடத்தி வைத்தது. ஒன்றில் விக்டோரியா 3-0 என்று வென்றது, மற்றது 1-1. இந்த முறை ஹனாவ்காரர்கள் பெர்லினுக்குப் போய் ஆடிவிட்டு வந்தார்கள்.