டிவிக்குச் சிக்கனமான மீடியா பிளேயர்: ஸ்டிக்கா, பாக்ஸா, ராஸ்பெர்ரி பையா?

டிவியில் படம் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஆப்கள் திறக்கவே அரை நிமிடம் எடுக்கின்றன, புதிய ஆப் எதுவும் ஏறுவதில்லை. இதற்காக டிவியையே மாற்ற நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எச்டிஎம்ஐ துளை ஒன்று காலியாக இருந்தால் போதும், சின்னக் கருவி ஒன்று அந்த டிவிக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயுள் கொடுத்துவிடும்.

எதை வாங்குவது என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் பார்க்கும் படங்கள் எங்கிருந்து வருகின்றன? நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப் மாதிரி இணையத்திலிருந்து மட்டுமா, அல்லது ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்த படங்களும் குடும்ப வீடியோக்களும் உண்டா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி. 4கே, 8கே என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இணையம் மட்டும்தான் என்றால் ஸ்டிக் போதும். அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 2014 முதல் வந்துகொண்டிருக்கிறது. ரோகு அதற்கும் மூத்தது, 2008லேயே நெட்ஃப்ளிக்ஸ் பார்ப்பதற்கென்று முதல் பிளேயரை வெளியிட்டது. ரோகுவின் முகப்பு எளிமையானது. ரிமோட்டில் பட்டன்களும் குறைவு, வயதானவர்கள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். ஆனால் அதில் எல்லா ஆப்களும் எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. உங்களுக்கு வேண்டிய ஆப் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபயர் டிவியில் ஆப்களுக்குக் குறைவில்லை, முகப்புத் திரையில் விளம்பரங்களுக்கும் குறைவில்லை. எனக்கு அது எரிச்சல். வீட்டில் மற்றவர்கள் கண்டுகொள்வதே இல்லை.

ஸ்டிக் வாங்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "என் டிவி வெறும் எச்டி, அதனால் எச்டி ஸ்டிக்கே போதும்" என்று நினைப்பார்கள். படத்தின் தெளிவைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஃபயர் டிவி ஸ்டிக் எச்டியில் 1 ஜிபி ரேம்தான், 4கே ஸ்டிக்கில் 2 ஜிபி. ஓராண்டு கழித்து ஆப்கள் பெரிதாகும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 4கே என்று பெயரில் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2025ல் வந்த 4கே செலக்ட் மாடலில் 1 ஜிபிதான். அதோடு அது ஆண்ட்ராய்டை விட்டு வேகா என்ற புது இயங்குதளத்துக்கு மாறிவிட்டது. அமேசான் ஸ்டோரில் இல்லாத ஆப்களை வெளியிலிருந்து ஏற்ற முடியாது. சொந்தப் படங்களை ஓட்ட உதவும் கோடி (Kodi) என்ற இலவச ஆப் அந்த ஸ்டோரில் இல்லை. ஆகவே கோடியை நம்பி இருப்பவர்கள் அந்த மாடலைத் தவிர்ப்பதே நல்லது.

கூகுளின் குரோம்காஸ்ட் வரிசையிலும் இதே பாடம்தான். 2020ல் வந்த 4கே மாடலால் ஏவி1 என்ற சுருக்க வடிவத்தில் வரும் வீடியோவை வன்பொருளிலேயே விரித்துக் காட்ட முடியாது. 2022ல் வந்த, விலை குறைந்த எச்டி மாடலால் முடியும். யூடியூபும் நெட்ஃப்ளிக்ஸும் இப்போது ஏவி1 பக்கம் நகர்ந்துகொண்டிருப்பதால் இது சின்ன விஷயமில்லை. 2024ல் குரோம்காஸ்ட் உற்பத்தியையே நிறுத்திவிட்டு கூகுள் டிவி ஸ்ட்ரீமரைக் கொண்டுவந்தார்கள். 4 ஜிபி ரேம், 32 ஜிபி இடம், ஈதர்நெட் துளை என்று எல்லாம் நன்றாக இருக்கிறது. விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது, அதனால் சிக்கனம் என்ற கணக்கில் அதைச் சேர்க்க மனம் வரவில்லை.

அடுத்து, ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள். ஸ்டிக்கில் முழு அளவு யூஎஸ்பி துளை இருக்காது. ஓடிஜி கேபிள், ஹப் என்று சேர்த்துச் செய்யலாம், ஆனால் டிவிக்குப் பின்னால் ஒரே சிக்கலாகிவிடும். இவர்களுக்கு யூஎஸ்பி துளையோடு வரும் பாக்ஸ்தான் ஏற்றது. சியோமி டிவி பாக்ஸ் எஸ் இந்த வகை. 2023ல் வந்த இரண்டாம் தலைமுறையில் கூகுள் டிவி, 2 ஜிபி ரேம், ஒரு யூஎஸ்பி துளை எல்லாம் உண்டு. ஈதர்நெட் துளை மட்டும் இல்லை, வைஃபைதான். 8 ஜிபி சேமிப்பில் இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக மிச்சம் கொஞ்சம்தான், அதனால் ஆப்களை அளவோடு ஏற்ற வேண்டும்.

பாக்ஸ் வாங்கிவிட்டாலும் சொந்தக் கோப்புகளில் இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று, ஹார்ட் டிஸ்க்கின் வடிவமைப்பு. ஃபேட்32ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ஆகவே பெரிய படம் அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட்டும் என்டிஎஃப்எஸ்ஸும் தாங்கும், ஆனால் அவற்றைப் படிக்கும் திறன் கருவிக்குக் கருவி மாறும். இரண்டாவது, ஒலி. நான் வாங்கிய ப்ளூரே தட்டு ஒன்றிலிருந்து மாற்றி வைத்திருந்த படத்தை ஒரு நாள் பாக்ஸில் போட்டேன். படம் அருமையாக ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவே இல்லை. கேபிளை மாற்றினேன், டிவியை அணைத்துப் போட்டேன், ஒரு மணி நேரம் போய்விட்டது. காரணம் டிடிஎஸ் ஒலி. பல கருவிகளில் அதற்கான டிகோடர் கிடையாது, அந்த பாக்ஸோடு வந்த பிளேயரும் கைவிட்டுவிட்டது. விஎல்சி ஆப்பை ஏற்றியதும் சத்தம் வந்தது, ஏனென்றால் அது டிடிஎஸ்ஸைத் தானே மென்பொருளில் பிரித்துக்கொள்கிறது.

பலருக்கு எட்டாமல் போகும் இன்னொரு வழியும் உண்டு. வீட்டில் எப்படியும் ஒரு கணினி ஓடிக்கொண்டிருந்தால், படங்களை அதிலேயே வைத்து, ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை நிறுவிவிடலாம். 2018ல் எம்பி (Emby) என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த திட்டம் அது. அப்புறம் சாதாரண ஸ்டிக் ஒன்றிலேயே மொத்தச் சேகரிப்பும் போஸ்டரோடு வரிசையாக வந்து நிற்கும், யூஎஸ்பி துளையே தேவைப்படாது. இருப்பதிலேயே செலவு குறைந்த வழி இதுதான், நல்ல வைஃபை மட்டும் வேண்டும்.

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிப் பலகையை நான் மனதார நேசிக்கிறேன். 2019ல் வந்த பை 4ல் லிப்ரெலெக் என்ற, கோடிக்காகவே உருவான இயங்குதளத்தை ஏற்றினால் கோடி நேராகத் திறக்கும், விளம்பரமே கிடையாது. எச்.265 என்ற சுருக்க வடிவத்தில் உள்ள 4கே கோப்பை அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். எச்டிஎம்ஐ சிஇசி இருப்பதால் டிவி ரிமோட்டாலேயே இயக்கலாம். படத்தின் 24 ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப டிவியின் வேகத்தையும் கோடி மாற்றிக்கொள்ளும். இது இல்லாவிட்டால், கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் படம் விட்டுவிட்டு நகர்வது போலத் தெரியும்; ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் கண்ணை விட்டுப் போகாது. ஆனால் பவர் அடாப்டர், பெட்டி, மெமரி கார்டு என்று சேர்த்தால் ஒரு நல்ல பாக்ஸின் விலையைத் தொட்டுவிடும். கட்டணச் சேவைகளுக்கு அது சரிப்படாது. படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் வைட்வைன் பாதுகாப்பில் கீழ்நிலையான எல்3தான் கிடைக்கும், நெட்ஃப்ளிக்ஸ் மங்கலாகத்தான் வரும். ஆகவே இது சேகரிப்பாளர்களுக்கான கருவி.

கடைசியாக, பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள். விலை பாதி, அட்டையில் 8கே, எல்லாச் சேனலும் இலவசம் என்ற வாக்குறுதி. எங்கள் வீட்டிலும் ஒன்று சில மாதங்கள் இருந்தது. டிவி பார்க்காத நேரத்திலும் ரவுட்டரில் அதன் போக்குவரத்து நிற்காததைப் பார்த்ததும் கழற்றி வைத்துவிட்டேன். 2023ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இத்தகைய பாக்ஸ்களில் தொழிற்சாலையிலிருந்தே ஏற்றப்பட்டு வந்த தீநிரலைக் கண்டுபிடித்து, அதற்கு பேட்பாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வீட்டின் இணைய இணைப்பை யாரோ ஒருவர் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வார், நமக்குத் தெரியவே தெரியாது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. இயங்குதளத்துக்குள்ளேயே ஒட்டியிருப்பதால் ரீசெட் செய்தாலும் அது போகாது. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கூகுள் தன் ஆண்ட்ராய்டு டிவி கூட்டாளிகளின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது, வாங்கும் பிராண்ட் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என் தேர்வைக் கேட்டால், இணையம் மட்டும் போதும் என்பவருக்கு 2 ஜிபி ரேம் உள்ள 4கே ஸ்டிக். ஹார்ட் டிஸ்க்கும் சேர்த்து என்றால் சான்று பெற்ற கூகுள் டிவி பாக்ஸ்.

எதை வாங்கினாலும் அதனோடு வரும் அடாப்டரிலேயே மின்சாரம் கொடுங்கள். டிவியின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக் பாதிப் படத்தில் அணைந்து எழுந்திருக்கும். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய கோப்பு ஒன்று, டிடிஎஸ் ஒலியுள்ள படம் ஒன்று, தமிழ் சப்டைட்டிலோடு ஒன்று என்று மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், கருவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்த சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.