தட்டுவதா, செருகுவதா?

"டேப்பா சார், பின் போடுறீங்களா?" கார்டை நீட்டியதும் கடைக்காரர் கேட்கும்போது பலரும் யோசிக்காமல் தலையாட்டுகிறோம். டேப் என்றால் கார்டை மெஷின் மேல் தட்டுவது; மற்றது மெஷினில் செருகி, பின் எனும் ரகசிய எண்ணைப் போடுவது.

கார்டை நகலெடுக்கும் திருட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். தட்டினாலும் சிப்பைச் செருகினாலும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய குறியீடு உருவாகும். பழையதைத் திருடி மறுபடி பயன்படுத்த முடியாது. பின்பக்கக் கறுப்புப் பட்டையைத் தேய்ப்பதுதான் ஆபத்து.

வித்தியாசம் கார்டு தொலைந்தால் தெரியும். 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய் வரை பின் இல்லாமலே தட்டலாம். கண்டெடுத்தவரும் தட்டலாம்! செருகினால் பின் வேண்டும். ஆனால் வரிசையில் பின்னால் நிற்பவர் அதை எட்டிப் பார்க்கலாம். (நம்மில் எத்தனை பேர் கையால் மறைக்கிறோம்?)

தட்டும்போது கார்டு நம் கையைவிட்டுப் போவதில்லை. "மெஷின் உள்ளே இருக்கு" என்று ஹோட்டல் சர்வர் கார்டை வாங்கிப்போனால், அதன் முன்னும் பின்னும் இருக்கும் எண்களைப் படமெடுக்க அரை நிமிடம் போதும்.

என் ஓட்டு தட்டுவதற்கே. ஆனால் வங்கிச் செயலியில் அதன் வரம்பை 1,000 ரூபாயாகக் குறைத்து வைத்திருக்கிறேன். நகைக்கடைக்குச் செருகல்தான். இரண்டிலும் மெஷின் திரையில் தொகையைப் பார்த்த பிறகே கார்டை நீட்டுவேன்.