ரேக்கைக் கழற்றாமலேயே பவர் ஸ்டீயரிங்கை நீக்கிக் கொடுத்த பட்டறை

முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரை ட்ராக்கில் ஓட்டுவதற்காக அதன் பவர் ஸ்டீயரிங்கை நீக்க நினைப்பவர்கள், பட்டறைக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தென்கிழக்கு இங்கிலாந்தில் உள்ள ஒரு பட்டறையில் இந்த வேலைக்கு 640 பவுண்டு கொடுத்து நான் ஏமாந்தேன்.

ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அந்தக் காருக்குப் பவர் உதவி அவசியமே இல்லை. ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பற்தண்டு அமைப்புதான் ரேக். மஸ்டாவே பவர் இல்லாத ரேக்கையும் தயாரித்தது. ஆனால் அதன் விகிதம் சுமார் 18:1. பவர் ரேக்கின் விகிதம் சுமார் 15:1 என்பதால், கையைக் குறைவாகத் திருப்பினாலே சக்கரம் திரும்பிவிடும். அதனால்தான் ட்ராக் ஓட்டிகள் பவர் ரேக்கையே வைத்துக்கொண்டு, அதிலுள்ள எண்ணெய் அழுத்த ஏற்பாட்டை மட்டும் எடுத்துவிடுகிறார்கள்.

இதை முறையாகச் செய்ய ரேக்கைக் காரிலிருந்து இறக்கியே ஆக வேண்டும். உள்ளே ரேக் தண்டின் மீதுள்ள பிஸ்டனின் சீல் வளையத்தை அகற்ற வேண்டும். ரேக் தண்டை நகர்த்தும் சிறு பற்சக்கரமான பினியனுக்குள் இருக்கும் முறுக்குத் தண்டு இனி முறுகாதபடி வெல்டிங் செய்ய வேண்டும். பிறகு கிரீஸ் இட்டு மூட வேண்டும். பம்பை எடுத்துவிட்டு, ரேக்கின் இரண்டு துளைகளையும் ஒரு ரப்பர் குழாயால் இணைத்துவிட்டால் பார்வைக்கு வேலை முடிந்தது போலத்தான் இருக்கும். ஆனால் வாயைப் பாதி அடைத்த சிரிஞ்சை அழுத்துவது போல, பிஸ்டன் ஒவ்வொரு முறையும் காற்றையும் மிச்ச எண்ணெயையும் தள்ளிக்கொண்டே இருக்கும். முறுக்குத் தண்டோ முதலில் தான் சற்று முறுகி, அதன் பிறகே சக்கரத்தைத் திருப்பும்.

எனக்குக் கிடைத்தது அந்தக் குழாய்தான். வெல்டிங் செய்த பினியனின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். அதே படத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு வாடிக்கையாளரின் வேலை என்று அவர்களே வெளியிட்டிருந்ததைப் பின்னர்தான் கண்டேன். சக்கரங்களின் கோணங்களைக் காட்டும் அலைன்மென்ட் தாளில் 'வேலைக்கு முன்', 'வேலைக்குப் பின்' என்ற இரண்டு பத்திகளிலும் ஒரே எண்கள் இருந்தன. அதை அன்றே கவனித்திருக்க வேண்டும். காரை எடுத்துக்கொண்டு போகும் அவசரத்தில் மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

பிராண்ட்ஸ் ஹாட்ச் ட்ராக்கில், பள்ளத்தில் இறங்கும் பேடக் ஹில் வளைவிலேயே ஸ்டீயரிங்கின் நடுவில் ப்ளே, அதாவது திருப்பினாலும் சக்கரம் அசையாத தளர்வு, இருப்பது தெரிந்தது. அடுத்து வரும் ட்ரூயிட்ஸ் கொண்டை ஊசி வளைவில் கை இழுத்துப் பிடித்தது. ஆறாவது சுற்றில் கார் நேர்ச்சாலையிலேயே ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கியதும் பிட்டுக்குத் திரும்பினேன். ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் இடது டை ராட் முனையின் லாக் நட் விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. மற்றதெல்லாம் பண நஷ்டம். இது உயிர் சம்பந்தப்பட்டது.

வேறொரு மெக்கானிக் காரைத் தூக்கிப் பார்த்தபோது, ரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பல ஆண்டுத் துரு கலையாமல் இருந்தது.

பட்டறைக்காரர்கள் இலவசமாக மீண்டும் செய்து தருவதாகச் சொன்னார்கள். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி ஒரு சேவையை நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செய்து தர வேண்டும். தவறினால் மறுபடி செய்து தரும்படி கேட்கலாம், சில சூழல்களில் கட்டணக் குறைப்பும் கோரலாம். ஆனால் லாக் நட்டைக்கூட இறுக்காதவர்களிடம் காரை மறுபடி விட எனக்கு மனம் வரவில்லை. கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் அட்டை நிறுவனத்திடமே முறையிட்டிருக்கலாம். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வங்கிப் பரிமாற்றம் செய்திருந்தேன். பல கடிதங்களுக்குப் பின் 300 பவுண்டு திரும்பி வந்தது.

இரண்டாவது மெக்கானிக் ரேக்கை இறக்கி, என் கண்முன்னே அந்த சீல் வளையத்தை அறுத்தெடுத்துக் கையில் கொடுத்தார். முதல் பட்டறையின் ரசீதில் மூன்றாவது வரி, 'பிஸ்டன் சீல் அகற்றப்பட்டது' என்பது.