ஒரே வீட்டில் இருந்தாலும் குழந்தைச் செலவு: வாய்ப்பேச்சா, எழுத்தா, நீதிமன்றமா?

கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இருவருக்குக் குழந்தை பிறந்தால், அதை வளர்க்கும் கடமை இருவருக்கும் உண்டு. 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு இதை முதன்மையாகப் பெற்றோரின் பொறுப்பு என்கிறது. அவர்கள் மணமானவர்களா என்று கேட்பதில்லை. இந்தியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு இருக்கிறது. மண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் பராமரிப்புத் தொகை உண்டு என்று இரண்டுமே வெளிப்படையாகச் சொல்கின்றன.

ஆகவே, கடமை இருக்கிறதா என்பதில் விவாதம் இல்லை. சேர்ந்து இருக்கும் காலத்தில் அதை எப்படி உறுதிப்படுத்துவது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். கையில் இருக்கும் வழிகள் மூன்று: பேசிப் பகிர்ந்துகொண்டு அப்படியே போவது, எழுத்தில் ஒப்பந்தம் போடுவது, நீதிமன்றத்திடமோ அரசு அமைப்பிடமோ உத்தரவு வாங்குவது.

மூன்றில் எதை எடுத்தாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குழந்தையின் தந்தை யார் என்பது பதிவாகியிருக்க வேண்டும். மணமான தம்பதி என்றால் கணவனே தந்தை என்று சட்டம் தானாக எடுத்துக்கொள்ளும். சேர்ந்து வாழ்பவர்களுக்குப் பல நாடுகளில் அந்த வசதி கிடையாது. அமெரிக்காவில் மருத்துவமனையிலேயே இருவரும் கையெழுத்திட்டுத் தந்தைமையை ஏற்கலாம். அதைத் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு மோசடி, மிரட்டல், அடிப்படைத் தகவலில் பிழை என்று நிரூபித்தால்தான் மாற்ற முடியும். ஜெர்மனியில் தந்தை ஏற்பதோடு தாயின் சம்மதமும் வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போது இது சில நிமிட வேலை. உறவு கசந்த பிறகு அதே காரியத்துக்கு மரபணுப் பரிசோதனை, வழக்கு, வாய்தா என்று இழுக்கும். குழந்தைக்காக முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்.

இனி முதல் வழி. வாடகை ஒருவர், மளிகை ஒருவர், பள்ளிக் கட்டணம் கையில் இருப்பவர் என்று ஓடும் வீடுகளே அதிகம். இதில் தவறு ஒன்றும் இல்லை. பணமாகத் தருவது மட்டும்தான் பராமரிப்பு என்று சட்டமும் நினைப்பதில்லை. ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 1606ஆம் பிரிவு, சிறு குழந்தையைக் கூடவே இருந்து வளர்ப்பவர் அந்த வளர்ப்பின் மூலமே தன் பங்கைப் பொதுவாக நிறைவேற்றிவிடுகிறார் என்கிறது. வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடம் 'நீ என்ன கொடுத்தாய்?' என்று கேட்பவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஆனால் வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது நாளடைவில் மறந்துபோகும். பிரிவு வந்தால் இருவரும் இருவிதமாகச் சொல்வார்கள். போன மாதங்களின் பாக்கியைப் பின்னால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் பல இடங்களில் செல்லாது. இந்தியாவில் பராமரிப்புத் தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் தெளிவாக்கியது. அதற்கு முந்தைய காலத்துக்கு ஒருவர் தனியாகச் சுமந்தது, பெரும்பாலும் சுமந்ததோடு சரி.

இரண்டாவது வழியான எழுத்து ஒப்பந்தத்தையே நான் சிபாரிசு செய்கிறேன். பலர் இதை அவநம்பிக்கையின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல மனநிலையில் இருக்கும் இரண்டு பேர் எழுதும் விதிகள், கோபத்தில் இருக்கும் அதே இரண்டு பேர் எழுதுவதைவிட நியாயமாக இருக்கும். நிலையான தொகைக்குப் பதில் வருமானத்தில் இத்தனை பங்கு என்று எழுதினால், ஒருவருக்கு வேலை போனாலும் சம்பளம் கூடினாலும் ஒப்பந்தம் தாங்கும். மருத்துவச் செலவு, காப்பீடு, பள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடுங்கள். வீட்டில் இருந்து குழந்தையைப் பார்ப்பவரின் உழைப்பையும் பங்களிப்பாக எழுதுங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் ரசீது தானாகவே சேர்ந்துகொண்டு போகும். பிரிந்தால் என்ன என்ற பத்தியையும் தவிர்க்காதீர்கள். அதிகம் தேவைப்படப்போவது அதுதான்.

இதற்கு எல்லையும் உண்டு. இருவர் மட்டும் கையெழுத்திட்ட தாள் வெறும் தனிப்பட்ட ஒப்பந்தம். ஒருவர் மீறினால் மற்றவர் வழக்குப் போட்டுத்தான் வசூலிக்க வேண்டும். ஜெர்மனியில் இளைஞர் நல அலுவலகத்தில் கட்டணமின்றி ஒரு பத்திரம் எழுதித் தரலாம். அதை வைத்துத் தனி வழக்கு இல்லாமலேயே வசூல் நடவடிக்கைக்குப் போக முடியும். இப்படி ஒரு வசதி இருக்கும் இடத்தில் வெறும் தாளோடு நிற்கக் கூடாது. இன்னொன்று: 'இனிக் குழந்தைக்காக எதுவும் கேட்க மாட்டேன்' என்ற வரியை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பராமரிப்பு குழந்தையின் உரிமை. தாயும் தந்தையும் தங்களுக்குள் பேசி அதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

மூன்றாவது வழியில் நாட்டுக்கு நாடு வேறுபாடு அதிகம். பிரிட்டனில் குழந்தைப் பராமரிப்பைக் கணக்கிட்டு வசூலிக்கும் அரசு அமைப்பு, பெற்றோர் தனித்தனியே வாழ்ந்தால்தான் தலையிடும். இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, ஒரு பெற்றோர் மற்றவருக்குத் தவணையாகத் தர வேண்டும் என்ற உத்தரவு இருக்கும்போது இருவரும் ஆறு மாதத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தால் அந்த உத்தரவே காலாவதியாகும். ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே 1985ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டப்படி, ஒரே வீட்டில் இருந்துகொண்டே பராமரிப்பு கேட்டு வழக்குத் தொடரலாம். கடமையைச் செய்துகொண்டிருக்கிறேன், இனியும் செய்வேன் என்று காட்டினால் எதிர்த்தரப்புக்கு அது தற்காப்பு. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. பசிக்கும் குழந்தைக்கு, தர மறுப்பவர் அடுத்த தெருவில் இருந்தால் என்ன, அடுத்த அறையில் இருந்தால் என்ன?

அமெரிக்காவில் உத்தரவு வாங்கிப் பிரிந்திருந்தவர்கள் மீண்டும் சேரும்போது ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 'ஒன்றாகிவிட்டோமே, உத்தரவு எதற்கு?' என்று பணம் அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் உத்தரவு தானாக நிற்பதில்லை. நிலுவை மாதாமாதம் ஏறும். 1986இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற சட்டத் திருத்தத்தின்படி, தவறிய ஒவ்வொரு தவணையும் நீதிமன்றம் தீர்ப்பளித்த கடனுக்குச் சமம். பின்தேதியிட்டு அதைக் குறைக்க நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை. அதனால் மீண்டும் சேர்ந்தவுடனேயே உத்தரவை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ மனு கொடுத்துவிட வேண்டும்.

அப்படியென்றால் சேர்ந்து வாழ்பவர்கள் நீதிமன்றத்தை எப்போது நாடலாம்? வருமானம் இருந்தும் ஒருவர் குழந்தைக்குச் செலவழிக்க மறுக்கிறார், ஒப்பந்தத்துக்கும் ஒத்துவரவில்லை என்றால் தள்ளிப்போட வேண்டாம். இந்தியாவின் 144ஆம் பிரிவு பார்ப்பது, வசதி இருந்தும் ஒருவர் புறக்கணிக்கிறாரா, மறுக்கிறாரா என்பதை. வழக்கு முடியும்வரை இடைக்காலத் தொகையும் கேட்கலாம். மனு போட்ட தேதிதான் கணக்கின் தொடக்கம் என்பதால், தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு நட்டம்.