ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்குகிறீர்களா? ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

சென்னையில் ஏர் ரைஃபிளுக்கு மலிவாக ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ.) வாங்கினேன். என்னுடையது .177 அங்குலக் குண்டு போடுகிற ஸ்பிரிங் ரைஃபிள் (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடுவது), மாமா தோப்பில் பேப்பர் டார்கெட் சுடத்தான், பத்து இருபது மீட்டர் தூரம் என்று கவுன்டரிலேயே சொன்னேன். "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க சார், அமெரிக்காவுல வேட்டைக்குப் போறவங்களே இதத்தான் மாட்டுறாங்க. தோப்புல காட்டுப்பன்றி வந்தாலும் போட்டுடலாம்" என்றார் கடைக்காரர். அனுமதியில்லாமல் பன்றியைச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். அதை அவர் சொல்லவில்லை. பெட்டியில் 'ஏர்கன்னுக்கு ஏற்றது' என்று ஒரு ஸ்டிக்கர் வேறு.

அமெரிக்கக் கதை பொய்யில்லை. அங்கே பிரெய்ரி டாக் (அணில் வகை), கயோட்டி (நரி மாதிரி ஒரு விலங்கு) எல்லாம் வெடிமருந்து ரைஃபிளால் நூறு, இருநூறு கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிப்பார்கள். அந்த ஸ்கோப்பில் பாரலாக்ஸை (கண் நகர்ந்தாலும் குறி நகராமல் தெரிகிற தூரத்தை) பெரும்பாலும் 100 கெஜத்துக்கு வைத்திருப்பார்கள். பத்து மீட்டரில் எனக்கு டார்கெட் ஒரே கலங்கல். கன்னத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் குறுக்குக் கோடு டார்கெட் மேல் ஊர்ந்து போகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெடிமருந்து ரைஃபிள் பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் போய் முட்டியதும் முன்னாலும் உதறும். அந்த முன் உதறலைத் தாங்குகிற மாதிரி செய்த ஸ்கோப்தான் இதற்கு வேண்டும். என்னுடையதில் ஒரு டப்பா பெல்லட் (குண்டு) தீருவதற்குள் குறுக்குக் கோடு சாய்ந்துவிட்டது. காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலக்கிறது.

அப்புறம்தான் அந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் அச்சாகியிருந்தது: பாரலாக்ஸ் 100 கெஜம், ஸ்பிரிங் ஏர்கன்னில் பொருத்தக் கூடாது. அந்த இரண்டு வரியை மட்டும் மறைக்கிற அளவுக்குக் கத்தரித்து ஒட்டியிருக்கிறார்கள்!

திருப்பிக் கொடுக்கப் போனால், "சுட்டுட்டீங்களே சார், இனிமே எடுக்க முடியாது" என்று பதில். பில்லிலும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரி. அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு போடவில்லையென்றால் பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்தாக வேண்டும்.

வாங்குகிறவர்கள் முன் லென்ஸிலோ பக்கவாட்டிலோ தூரம் சரிசெய்கிற வளையம் இருக்கிறதா, அது 10 கெஜம் வரை இறங்குகிறதா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள். ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்துவைக்கிற மவுன்ட்டும் உங்கள் ரைஃபிளின் பள்ளத்துக்குச் சேர வேண்டும். பெரும்பாலான ஏர் ரைஃபிளில் அது 11 மி.மீ. டவ்டெயில் (புறா வால் வடிவப் பள்ளம்). எனக்குத் தலையில் கட்டியது அகலமான வீவர் மவுன்ட், அதற்குத் தனிக் காசு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. உரித்த ஸ்டிக்கரும் பில்லும் பத்திரமாக என்னிடம்தான் இருக்கின்றன.